மரக்கன்று நட்டால் ஆயிற்றா? பள்ளியில் இயற்கை விளையாட்டுத் திடல் பற்றி ஓர் எளிய விளக்கம்

பள்ளிக் கூட்டங்களில் "இயற்கை விளையாட்டுத் திடல் அமைக்கலாம்" என்று யாராவது சொன்னால், கேட்கும் ஒவ்வொருவர் மனதிலும் ஒவ்வொரு படம் ஓடும். ஒருவர் மதிலோரம் வரிசையாக நிற்கும் மரக்கன்றுகளை நினைப்பார். இன்னொருவர் வண்ணம் அடித்துப் பாதி புதைத்த டயர்களை. வேறொருவர் யானை முகம் வைத்த பிளாஸ்டிக் சறுக்குமரத்தை. புல்தரை போட்டு, ஓரத்தில் குரோட்டன்ஸ் வைத்து, "செடிகளைத் தொடாதீர்கள்" என்று பலகை மாட்டிய இடத்தையும் இந்தப் பெயரால் அழைக்கிறார்கள்.

எல்லாமே நல்ல மனதோடு செய்யப்படுபவைதான். ஆனால் ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்க்க வேண்டும்: இங்கே வரும் ஓர் ஏழு வயதுப் பிள்ளை என்ன செய்யலாம்? பார்க்கலாம், சறுக்கலாம், தாண்டலாம். அதற்குமேல் ஒன்றும் இல்லையென்றால் இயற்கை விளையாட்டுத் திடல் இன்னும் உருவாகவில்லை என்று பொருள். அது என்ன, உடம்பிலும் மனதிலும் எப்படி வேலை செய்கிறது, ஊர் கைகோத்தால் தமிழ்நாட்டின் ஒரு சாதாரண ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் அதை எப்படி உருவாக்கலாம் என்று இந்தக் கட்டுரையில் படிப்படியாகப் பார்ப்போம்.

வீடு கட்டக் கொட்டிய மணல்

தெருவில் யாரோ வீடு கட்ட மணல் இறக்குகிறார்கள். லாரி போன அரை மணி நேரத்தில் தெருப் பிள்ளைகள் எல்லாரும் அதன்மேல் இருப்பார்கள். மூன்று வயதுக் குழந்தை ஓரமாக உட்கார்ந்து அள்ளி அள்ளிக் கொட்டும். ஆறு வயதுப் பிள்ளைகள் காலை உள்ளே விட்டு மணலைத் தட்டிக் குகை செய்வார்கள். இரண்டு பேர் கிச்சுக்கிச்சுத் தாம்பாளத்துக்கு மணலை நீளமாகக் குவிப்பார்கள். பெரிய பிள்ளைகள் உச்சியிலிருந்து குதிப்பார்கள். மறுநாள் வந்தால் நேற்றைய குகை இருக்காது, வேறேதாவது முளைத்திருக்கும். வீட்டுக்காரர் வந்து விரட்டும்வரை சலிக்காது.

சறுக்குமரத்தில் ஏறலாம், சறுக்கலாம். இருபது முறை சறுக்கிய பிள்ளை பிறகு தலைகீழாகச் சறுக்கப் பார்க்கும், அல்லது சறுக்கும் பக்கமாகவே ஏறும். குறும்புக்காக மட்டும் அப்படிச் செய்வதில்லை. அந்தப் பொருளில் செய்ய வேறெதுவும் மிச்சமில்லை.

மணல் குவியலிடம் சறுக்குமரத்திடம் இல்லாத சில குணங்கள் உண்டு. கை வைத்தால் மாறும். இப்படித்தான் விளையாட வேண்டும் என்று அது சொல்வதில்லை. மூன்று வயதுக்கும் பத்து வயதுக்கும் ஒரே நேரத்தில் இடம் கொடுக்கும். கொஞ்சம் உயரமும் உண்டு, விழுந்தால் தாங்கும் மென்மையும் உண்டு. இந்தக் குணங்களை ஓர் இடம் முழுவதற்கும் கொண்டுவந்தால், அதுவே இயற்கை விளையாட்டுத் திடல். மேடு, பள்ளம், மண், தண்ணீர், மரம், கல், கட்டை ஆகியவற்றால் ஆன, என்ன விளையாடுவது என்பதைப் பிள்ளையே தீர்மானிக்கிற இடம்.

நமக்கு இது புதிதும் இல்லை. ஆண்பால் பிள்ளைத்தமிழில் 'சிற்றில்' என்று ஒரு பருவமே இருக்கிறது. சிறுமியர் மணலில் கட்டிய சின்ன வீடுகளைச் சிதைக்க வரும் குழந்தையைப் பார்த்து 'சிதைக்காதே' என்று கெஞ்சும் பாடல்கள் அவை. தெருவும் ஆற்றங்கரையும் களத்துமேடும் தந்த விளையாட்டிடம் சுருங்கிப்போனதால்தான், இன்று அதைப் பள்ளிக்குள் திட்டமிட்டு உண்டாக்க வேண்டியிருக்கிறது.

மூன்று பாகங்கள்

முதல் பாகம் நிலத்தின் வடிவம். சமதரையில் ஓடத்தான் முடியும். ஒரு மேடு வந்துவிட்டால் ஏறவும் உருளவும் ஒளியவும் முடியும், கோட்டை பிடிக்கவும் முடியும். "கல்லா மண்ணா" விளையாட்டுக்கே மேடும் தரையும் வேண்டும்.

இரண்டாவது செடியும் மரமும். வேடிக்கை பார்ப்பதற்கென்று வைக்காமல் பறிக்கவும் ஏறவும் ஒளியவும் வைப்பவை. பூவரசு இருந்தால் இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதலாம். புங்கை நிழல் தரும். நொச்சிப் புதர்கள் இரண்டு வரிசை நட்டால் நடுவில் ஒரு சந்து கிடைக்கும், பிள்ளைகளுக்கு அது ஒரு தனி ஊர்.

மூன்றாவது பாகத்தைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். தூக்கவும் நகர்த்தவும் அடுக்கவும் கூடிய சின்னச் சின்னப் பொருள்களுக்கு 'உதிரிப் பொருள்கள்' என்று பெயர். தேங்காய்ச் சிரட்டை, மூங்கில் துண்டு, பனங்கொட்டை, கூழாங்கல், கயிறு, சாக்கு, பழைய பாத்திரம், மரக்கட்டை எல்லாம் இதில் சேரும். சைமன் நிக்கல்சன் என்ற பிரிட்டிஷ் கலைஞர் 1971-இல் இதை ஒரு கோட்பாடாகவே எழுதினார். ஓரிடத்தில் மாற்றக்கூடிய பொருள்கள் எவ்வளவு கூடுதலாகவும் வகைவகையாகவும் இருக்கின்றனவோ, அவ்வளவுக்குப் பிள்ளைகள் புதிதாக எதையாவது கண்டுபிடிப்பார்கள் என்பது அதன் சாரம். அவருக்கு முன்பே, 1943-இல், டென்மார்க்கின் கோபன்ஹேகன் அருகே எம்ட்ரூப் என்ற இடத்தில் சோரென்சன் என்ற நிலவடிவமைப்பாளர் பலகையும் செங்கல்லும் கருவிகளும் கொடுத்துப் பிள்ளைகளையே கட்டவிட்ட ஒரு திடலை உருவாக்கியிருந்தார். போர்க்காலத்தில், ஜெர்மானியப் படை நாட்டைப் பிடித்திருந்தபோது நடந்தது அது. பணம் இல்லை என்று தயங்கும் பள்ளிகள் இதை நினைத்துப்பார்க்கலாம்.

இதுவரை பார்த்ததைத் தொகுத்தால்: பிள்ளை தீர்மானிக்கிற இடம் வேண்டும். அதற்கு நிலத்தின் வடிவம், கைக்கு எட்டும் செடிகள், உதிரிப் பொருள்கள் ஆகிய மூன்றும் வேண்டும். மரக்கன்று நடுவது இதில் மூன்றில் ஒரு பங்கு.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

கண், காது, மூக்கு, நாக்கு, தோல் என்று ஐந்து புலன்களைப் படித்திருக்கிறோம். விளையாட்டில் இன்னும் இரண்டு உழைக்கின்றன. ஒன்று சமநிலை உணர்வு. உட்காதில் இருக்கும் திரவம் அசைவதை வைத்து, தலை எந்தப் பக்கம் சாய்கிறது, எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று மூளை அறிவது. மற்றொன்று உடலிட உணர்வு. கண்ணை மூடிக்கொண்டாலும் கை எங்கே, கால் எங்கே, எவ்வளவு விசை கொடுக்கிறோம் என்று தசையும் மூட்டும் மூளைக்குச் சொல்வது.

சிமென்ட் படியில் எல்லாப் படியும் ஒரே உயரம். இரண்டாம் முறை ஏறும்போது மூளைக்கு அங்கே புதிதாக வேலை இல்லை. மரக்கிளையிலோ, ஒழுங்கற்ற கற்களிலோ, சரிவான மண்ணிலோ ஒவ்வோர் அடியையும் புதிதாகக் கணக்கிட வேண்டும். கால் கொஞ்சம் வழுக்கும், உடம்பு தானே சரிசெய்துகொள்ளும். இந்தச் சின்னச் சின்னத் திருத்தங்கள்தான் இரண்டு உணர்வுகளுக்கும் பயிற்சி. சமதரையிலேயே வளர்ந்த பிள்ளைக்கு இது குறைவாகக் கிடைக்கிறது.

கண்ணுக்கும் இதில் பங்கு உண்டு. சீனாவின் குவாங்சோ நகரில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளி நாளில் 40 நிமிடம் கூடுதலாக வெளியே இருக்க நேரம் கொடுத்து மூன்று ஆண்டுகள் பார்த்தார்கள். 2015-இல் முடிவு வந்தது. வழக்கமான பள்ளிகளில் ஏறக்குறைய 40 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது, கூடுதல் நேரம் வெளியே இருந்தவர்களில் ஏறக்குறைய 30 விழுக்காட்டினருக்கு. வெளிவெளிச்சம் கண்ணுக்குச் செய்யும் உதவி இது. நிழலும் விளையாட்டும் உள்ள இடம் இருந்தால்தான் பிள்ளை வெளியே தங்கும்.

மண்ணைப் பற்றியும் ஓர் ஆய்வு உண்டு. பின்லாந்தில் மழலையர் காப்பகங்களின் வெற்று முற்றங்களில் காட்டுத்தரையையும் புல்லையும் கொண்டுவந்து பரப்பினார்கள். 3 முதல் 5 வயதுள்ள பிள்ளைகள் 28 நாள் அங்கே விளையாடினார்கள். அவர்கள் தோலில் வாழும் நல்ல நுண்ணுயிர்களின் வகைகள் பெருகின, நோய் எதிர்ப்பு அமைப்பு கட்டுப்பாட்டோடு இயங்குவதற்கான அறிகுறிகள் இரத்தத்தில் கூடின. 2020-இல் வெளியான இந்த ஆய்வு சிறியது, 75 பிள்ளைகளே அதில் இருந்தார்கள். அதனால் மண்ணில் விளையாடினால் எந்த நோயும் வராது என்று இதை வைத்துச் சொல்லிவிடக் கூடாது. நம் மண்ணில் கொக்கிப்புழுவும் இருக்கிறது. நாயும் பூனையும் அசுத்தம் செய்யாதபடி மணல்குழியை மாலையில் நிழல்வலை போட்டு மூட வேண்டும், விளையாடியபின் சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும், பள்ளியில் கொடுக்கும் குடற்புழு மாத்திரையைத் தவறாமல் போட வேண்டும்.

"பிள்ளை விழுந்துவிட்டால்?"

பெற்றோரின் முதல் கேள்வி இதுதான். நியாயமான கேள்வி, அலட்சியமாக நகர்ந்துவிடக் கூடாது.

இரண்டு சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்வோம். பிள்ளை தன் கண்ணால் பார்த்து, 'என்னால் முடியுமா' என்று யோசித்து முடிவெடுக்கக்கூடியது சவால். மேட்டின் உயரம், கட்டையின் அகலம், கிளையின் தூரம் இவை சவால்கள். பிள்ளைக்குத் தெரியாமல் காத்திருப்பது மறைவான ஆபத்து. துருப்பிடித்த ஆணி, உள்ளே கரையான் அரித்த கட்டை, கண்ணாடித் துண்டு, மூடாத கிணறு, தொங்கும் மின்கம்பி இவை அந்த வகை. திடலை அமைப்பவர்களின் வேலை, சவாலை விட்டுவைத்து மறைவான ஆபத்தை ஒன்றுவிடாமல் நீக்குவது. இரண்டையும் ஒன்றாகப் பார்த்து எல்லாவற்றையும் நீக்கிவிட்டால் வெறும் தரைதான் மிஞ்சும். பிள்ளைகளோ சவாலைத் தேடி மதிலிலும் தண்ணீர்த் தொட்டியிலும் ஏறுவார்கள்.

உயரத்தைப் பொறுத்தவரை கவனிக்க வேண்டியது விழு உயரம். நிற்கிற இடத்திலிருந்து நேராகக் கீழே விழக்கூடிய தூரம் அது. நான்கு அடி இரும்பு மேடையிலிருந்து விழுந்தால் நான்கு அடியும் நேராக விழ வேண்டும். நான்கு அடி மண்மேட்டில் சறுக்கினால் சரிவிலேயே உருண்டு நிற்கும். இயற்கைத் திடல்களில் உயரத்தைப் பெரும்பாலும் மண்ணாலேயே கொடுப்பது இதனால்தான்.

தாண்டும் கட்டையோ ஏறும் சட்டமோ வைத்தால் கீழே மணல் வேண்டும். அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 4 அடி விழு உயரத்துக்கு 9 அங்குல ஆழ மணலும், பொருளைச் சுற்றி 6 அடி வெற்றிடமும் வேண்டும் என்கிறது. நாம் அதைப் பின்பற்றுவதில் தவறில்லை. பாறையை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் கூர்முனை கொண்டது, தூசியோடு சேர்ந்து இறுகிவிடும், விழுவதைத் தாங்காது. எந்த மணலானாலும் வாரம் ஒருமுறை மண்வெட்டியால் கிளறிவிட வேண்டும்.

பாம்பு பயம் எல்லா ஊரிலும் உண்டு. எலியும் தவளையும் இருக்கும் இடத்துக்கும், ஒளிய இடுக்கு இருக்கும் இடத்துக்கும்தான் பாம்பு வரும். மதிலோரம் உடைந்த ஓடும் செங்கலும் குவித்து வைக்கக் கூடாது. சத்துணவுக் கூடத்தின் மிச்சம் சிதறக் கூடாது. புதர்களின் அடிப்பகுதியை முழங்கால் உயரத்துக்குக் கவாத்து செய்து, உள்ளே தரை தெரியும்படி வைக்க வேண்டும். உதிரிப் பொருள்களை தரையில் போடாமல் பலகை மேல் அடுக்கி, காலையில் ஒரு பெரியவர் கழியால் தட்டிப் பார்த்த பிறகே பிள்ளைகளை விட வேண்டும்.

டயர் வைத்தே தீர வேண்டும் என்றால் அடியில் ஓட்டை போட்டே ஆக வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தேங்கிய சிறிதளவு நல்ல தண்ணீரில் ஏறக்குறைய ஒரு வாரத்தில் முட்டையிலிருந்து கொசுவாகிவிடும். மழைநீர் நின்ற டயர் அதற்குப் பிடித்த இடம்.

செடிகளிலும் தெரிவு வேண்டும். அரளி, ஊமத்தை, காட்டாமணக்கு, ஆமணக்கு, குன்றிமணி வேண்டவே வேண்டாம். காட்டாமணக்குக் கொட்டையைப் பிள்ளைகள் தின்று மருத்துவமனைக்குப் போவது நம் ஊர்களில் நடக்கிறது. எருக்கம்பால் கண்ணில் பட்டால் கெடுதல். முருங்கை நல்ல மரம்தான், ஆனால் ஏறினால் கிளை முறியும். அதைச் சமையலறைப் பக்கம் வைத்துக்கொள்ளலாம்.

இந்தப் பகுதியிலிருந்து நினைவில் வைக்க வேண்டியது: சவால் இருக்கட்டும், மறைவான ஆபத்து போகட்டும். உயரத்தை மண்ணால் கொடுங்கள்.

ஊர் உதவி என்றால் எது?

'ஊர் உதவி' என்றவுடன் நன்கொடைதான் நினைவுக்கு வருகிறது. ஒருவர் பணம் தருவார், பொருள் வாங்கி நிறுத்துவார்கள், உபயப் பலகை வைப்பார்கள், திறப்பு விழா நடக்கும். மறுவருடம் சங்கிலி அறுந்த ஊஞ்சல் அப்படியே தொங்கும், ஏனென்றால் அதைச் சரிசெய்வது யார் பொறுப்பு என்று யாரும் பேசியிருக்க மாட்டார்கள். இயற்கைத் திடலுக்குப் பணம் குறைவாகத்தான் தேவை. தேவைப்படுவது கைகள். அதிலும் திறப்பு விழாவுக்குப் பிந்தைய கைகள்.

தொடங்க வேண்டிய இடம் பள்ளி மேலாண்மைக் குழு. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் அரசுப் பள்ளிகளுக்கும் உதவிபெறும் பள்ளிகளுக்கும் இந்தக் குழுவை வைத்திருக்கிறது. உறுப்பினர்களில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் எழுதும் பொறுப்பும் அதனுடையது. அதே சட்டத்தின் அட்டவணை பள்ளிக்கு விளையாட்டுத் திடல் வேண்டும் என்கிறது. எனவே இயற்கைத் திடலைக் குழுக் கூட்டத்தில் தீர்மானமாக எழுதி, வளர்ச்சித் திட்டத்தில் சேர்த்து, அடுத்த கிராம சபையில் படித்துவிட வேண்டும். எழுத்தில் இருந்தால் ஊராட்சியிடம் தண்ணீர் இணைப்போ வேலியோ கேட்க ஒரு பிடி கிடைக்கும். பொருளாகவோ பணமாகவோ வெளியிலிருந்து தர விரும்புபவர்களுக்கு, 2022 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' என்ற திட்டம் இருக்கிறது.

அடுத்து பிள்ளைகளிடம் கேட்க வேண்டும். "என்ன வேண்டும்?" என்று கேட்டால் ஊஞ்சல், சறுக்கு என்பார்கள், பார்த்தது அதுதானே. "லீவு நாளில் எங்கே விளையாடுவீர்கள், அங்கே என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால் வாய்க்கால், வைக்கோல்போர், கோயில் மண்டபம், களம் என்று வேறோர் உலகம் திறக்கும். இடைவேளையில் யார் எங்கே இருக்கிறார்கள் என்றும் நின்று பார்க்க வேண்டும். வெற்று மைதானமாக இருந்தால் நடுவில் பெரிய பையன்கள் பந்து விளையாடுவார்கள், பெண் பிள்ளைகளும் சின்னவர்களும் மதிலோரம் ஒதுங்கி நிற்பார்கள். மேடும் புதரும் இடத்தைப் பல அறைகளாகப் பிரித்துவிடுவதால் ஒதுங்கியவர்களுக்கும் சொந்த இடம் கிடைக்கிறது. இந்தத் திடலில் எனக்கு மிகப் பிடித்த விஷயம் இதுதான்.

பிறகு, ஊரில் யாரிடம் என்ன இருக்கிறது என்று பட்டியல் போட வேண்டும். ஜேசிபி ஓட்டுபவர், டிராக்டர் வைத்திருப்பவர், கொத்தனார், மரவாடிக்காரர், ஆட்டுக்கிடை போடும் கீதாரி, மகளிர் சுய உதவிக் குழு, எந்தச் செடியை ஆடு மேயாது என்று தெரிந்த பாட்டிகள். பாட்டிகளைக் கடைசியில் எழுதினாலும் முதலில் அழைக்க வேண்டும். ஏழாங்கல்லும் பாண்டியும் பிள்ளைகளுக்குப் போய்ச் சேரவும் அவர்கள்தான் வழி.

மேடு ஒன்றுக்கு எவ்வளவு மண் வேண்டும் என்று கணக்கிட்டுப் பார்ப்போம். 1 அடி உயர்வதற்கு 3 அடி கிடையாகப் போகும் சரிவு பிள்ளைகளுக்கும் நல்லது, மழையிலும் சரியாது. அப்படியானால் 4 அடி மேட்டின் அடிவட்டம் 24 அடி. ஏறக்குறைய ஒரு சென்ட் நிலம். மண் சுமார் 600 கன அடி, அதாவது 6 யூனிட். ஒரு டிராக்டருக்கு ஒரு யூனிட் என்றால் ஆறு நடை. குளத்து வண்டல் எடுக்க உரிய அனுமதி வாங்க வேண்டும். அதைவிட எளிது, அருகில் யாராவது அடித்தளம் தோண்டும்போது அந்த மண்ணைக் கேட்பது. அடுக்கடுக்காகக் கொட்டி, தண்ணீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடித்தால்தான் நிற்கும். ஐந்து சென்ட் இருந்தால் மேடு, மணல்குழி, புதர்ச்சந்து, கட்டைவரிசை எல்லாம் அடங்கும். கபடி ஆடுகளத்தை எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை மணலையும் செடியையும் எட்டும்படி, கெட்டியான தரையில் ஐந்தடி அகலப் பாதை ஒன்றை மட்டும் முதலிலேயே குறித்துவிடுங்கள். பிறகு சேர்ப்பது கடினம்.

எந்த மாதத்தில் எது

தையில் தீர்மானம். குடியரசு தின கிராம சபை இதற்கு நல்ல நாள். பங்குனி, சித்திரையில் பொருள் சேர்க்கலாம். பள்ளி விடுமுறையில், வைகாசிக்குள் மண்வேலை. ஆடியில் வேலியோரம் நொச்சியும் ஆடாதொடையும், ஆடு இரண்டையும் தொடாது. கொங்குப் பக்கம் என்றால் கிளுவை இருக்கவே இருக்கிறது, முள்ளைக் கவாத்தில் அடக்கிக்கொண்டால் போதும். பூவரசைப் போத்தாக, அதாவது கிளையாக வெட்டி நடலாம், கன்றைவிடச் சீக்கிரம் உயரும். மேட்டுச் சரிவில் அருகம்புல், விளிம்பில் வெட்டிவேர், இரண்டும் புரட்டாசிக்குள் வேர்பிடித்துவிட்டால் வடகிழக்குப் பருவமழை மண்ணைக் கரைக்காது. ஐப்பசி மழையில் குடை பிடித்துக்கொண்டு போய்ப் பார்க்க வேண்டும். தண்ணீர் எங்கே ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்பதை எந்த வரைபடமும் அவ்வளவு தெளிவாகச் சொல்லாது. ஓடும் இடத்தில் கல் பதித்தால் பிள்ளைகளுக்கு ஒரு ஓடை கிடைக்கும்.

முதல் கோடை

பள்ளிகளில் நட்ட கன்றுகளில் பல சாவது அடுத்த மே மாதத்தில்தான். பள்ளி பூட்டியிருக்கும், வெயில் உச்சத்தில் இருக்கும், தண்ணீர் ஊற்ற ஆள் இருக்காது. ஊர் உதவி உண்மையில் சோதிக்கப்படும் மாதம் அது. பள்ளிக்கு அருகில் குடியிருக்கும் ஏழு வீடுகள் வாரத்தில் ஒவ்வொரு நாளை எடுத்துக்கொண்டால் போதும். யார் எந்தக் கிழமை என்று எழுதி வாயிலில் ஒட்ட வேண்டும், சாவி யாரிடம் என்பதையும் சேர்த்து. பள்ளி நடக்கும் நாளில் பிள்ளைகள் தட்டுக் கழுவும் தண்ணீரைச் சிறு வாய்க்காலில் கல்வாழைக்கும் வாழைக்கும் திருப்பிவிட்டால் அந்தப் பக்கம் தானே பச்சையாக இருக்கும்.

மாதம் ஒருமுறை இரண்டு பெற்றோரும் ஓர் ஆசிரியரும் திடலைச் சுற்றி நடந்து ஒரு நோட்டில் எழுத வேண்டும்: எந்தக் கட்டை ஆடுகிறது, எதில் கரையான், மணல் எவ்வளவு குறைந்தது, எந்தப் பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறது, உதிரிப் பொருளில் எது தீர்ந்தது. சிரட்டையும் கயிறும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிதாக வர வேண்டும். கட்டைகள் இரண்டு மூன்று ஆண்டில் மக்கும், அப்போது மாற்றுவது திட்டத்தின் ஒரு பகுதி, யாரும் மனம் தளர வேண்டியதில்லை.

அந்த நோட்டு தலைமையாசிரியரின் மேசையில் மட்டும் இருக்கக் கூடாது. அவருக்கு மாறுதல் வரும், புதிதாக வருபவருக்கு அந்த மண்மேடு அப்புறப்படுத்த வேண்டிய குவியலாகத் தெரியலாம். மேலாண்மைக் குழுத் தலைவரிடம் ஒரு நகல் இருக்கட்டும். புதிய தலைமையாசிரியர் பொறுப்பேற்கும் வாரத்திலேயே, தீர்மான நகலோடும் நோட்டோடும் நான்கைந்து பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அவரைத் திடலுக்குக் கூட்டிப்போங்கள். எது எதற்கு என்று பிள்ளைகளே சொல்லட்டும்.